போனவங்க குரலும் நம்ம அன்பும்



2024-ல வந்த ரெண்டு தமிழ்ப் பாட்டு எனக்குள்ள ஒரு கேள்விய விட்டுட்டுப் போயிருக்கு. ஒண்ணு, 'லால் சலாம்' படத்தோட 'திமிறி எழுடா'. மறைந்த சாகுல் ஹமீது, 2022-ல மறைந்த பம்பா பாக்யா, ரெண்டு பேர் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ மூலமா கொண்டு வந்தார். குடும்பத்தார்கிட்ட அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததா அவரே சொன்னார். இன்னொண்ணு, 'கோட்' படத்தோட 'சின்ன சின்ன கண்கள்'. அந்த வருஷம் ஜனவரி 25-ம் தேதி காலமான பவதாரிணியோட குரல், சில மாசத்துலயே தம்பி யுவனோட இசையில திரும்பவும் கேட்டுது.

கேட்டப்போ நிறைய பேர் அழுதாங்க. நானும் கலங்கினேன். ஆனா இது அன்பா? இல்ல, இழப்பை ஒத்துக்க மறுக்கிறதா?

நான் சாஃப்ட்வேர் வேலைல இருக்கிறதால, உள்ள நடக்கிறத எளிமையா சொல்றேன். மறைந்தவரோட பழைய பதிவுகளை வெச்சு ஒரு மாடலைப் பழக்குவாங்க. அப்புறம் பொதுவா வேற ஒருத்தர் பாடுவார். அந்தப் பாட்டு மேல பழைய குரலோட தன்மையை மாடல் ஏத்திடும். அதாவது மூச்சு, நெளிவு, உணர்ச்சி எல்லாம் இப்போ பாடினவரோடது. குரலோட நிறம் மட்டும்தான் போனவரோடது.

'பாரதி' படத்துல 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடி பவதாரிணி தேசிய விருது வாங்கினாங்க. அன்னைக்கு மைக் முன்னாடி நின்னு, இந்த வரியை இப்படிப் பாடலாம்னு முடிவு பண்ணது அவங்க. அந்த முடிவை எந்த மாடலாலயும் எடுக்க முடியாது.

அதுக்காக யுவன் செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அக்கா படத்துக்கு மாலை போடுற மாதிரி, ஒரு தம்பியோட துக்கம் அது. ஆனா அஞ்சலிக்கும் வேலை வாங்குறதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு. உயிரோட இருக்கிறவங்க "இன்னைக்குத் தொண்டை சரியில்ல, பாடல"ன்னு சொல்லலாம். போனவங்களால மறுக்க முடியாது. குடும்பம் அனுமதி தரலாம். பாடினவர்கிட்ட கேட்க வழியே இல்ல. மறுக்க முடியாத ஒருத்தர்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டா, அது அன்பு இல்ல, நம்ம தேவை.

இது சினிமாக்காரங்க பிரச்சினை மட்டும் இல்ல. எங்க பாட்டி அனுப்பின ஒரு வாய்ஸ் நோட் என் போன்ல இருக்கு. பின்னாடி குக்கர் விசில். "ஏன்டா போனே எடுக்கல, சாப்ட்டியா இல்லியா?" அவ்ளோதான். இப்போ இருக்கிற டூல்களுக்கு இந்தக் கொஞ்ச நேரக் குரலே போதும். "கண்ணு, நீ செய்றதெல்லாம் சரி"ன்னு பாட்டியைச் சொல்ல வெச்சிடலாம். ஆனா அது எங்க பாட்டி இல்ல. என்னைத் திட்டாம ஒரு நாளும் பாராட்டினது கிடையாது அவங்க!

நமக்குப் பிடிச்சதை மட்டும் பேசுற குரல் நம்ம குரல்தான். நாம எதிர்பார்க்காததையும் சொன்னதாலதான் அவங்க நமக்கு இன்னொரு ஆளா இருந்தாங்க. அந்த இடம் காலியாவே இருக்கட்டும். வலிக்கும்தான். அந்த வலியும் அவங்களுக்கு நாம தர்ற மரியாதைதான்.

வீட்டுப் பெரியவங்க வாய்ஸ் நோட்டை டெலீட் பண்ணாதீங்க, பேக்கப் எடுத்து வையுங்க. அதுக்கு முன்னாடி, திருப்பித் திட்ட அவங்க இருக்கும்போதே ஒரு போன் போட்டுடுங்க.