ஒண்ணுமில்ல டீச்சர்

எங்கள் பள்ளியில் காலை வழிபாடு வேப்பமரத்தடியில் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், அதன் பொருள், ஒரு பழமொழி, பிறகு இன்றைய செய்திகள், முடிவில் நாட்டுப்பண். எந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போனாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். செய்தி வாசிக்கிற பிள்ளை, முதல் பஸ்ஸில் டீக்கடைக்கு வந்து இறங்கும் பேப்பரை வாங்கி வரும். நான் பென்சிலால் கோடு போட்டுத் தரும் நாலைந்து தலைப்புகளை உரக்கப் படிக்கும். செங்கத்துக்கு வடக்கே, சவ்வாது மலை நீலமாகத் தெரிகிற ஊர் அது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாற்பதுக்குச் சற்று மேலே பிள்ளைகள்.

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. முந்தின நாள் மாலைதான் சந்திரயான் 3 நிலவில் இறங்கியிருந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அங்கே ரயில்வே பள்ளியில் படித்தவர் என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருந்தேன். விழுப்புரம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். பிள்ளைகள் கை தட்டித் தீர்த்துவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில்தான் கேட்டேன்.

"நிலாவுலேருந்து சேதி வந்துடுச்சு. நம்ம ஊர்ல என்ன சேதி?"

வரிசை அமைதியாக நின்றது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற பெண்தான் எல்லோருக்குமாகச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல டீச்சர்."

மத்தியானம் சத்துணவு வரிசையில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அருகில் போய்க் கேட்டபோது சொன்னான்: "நேத்து ராத்திரி எங்கம்மாவ 108ல கூட்டிட்டுப் போனாங்க. தம்பி பொறந்திருக்கான்." காலையில் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றேன். என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அது பேப்பர்ல வரலியே டீச்சர்."

மறுநாள் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. திருக்குவளையில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். அதற்காக எங்கள் சமையல் கூடத்தில் முன்பே அடுப்பும் பாத்திரங்களும் வந்து இறங்கியிருந்தன. மகளிர் குழுப் பெண்கள் வந்து ஒருமுறை சமைத்தும் பார்த்திருந்தார்கள். அவர்கள் இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். பிள்ளைகள் சன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள். அதையும் முந்தின நாள் ஒரு பிள்ளையும் சேதி என்று சொல்லவில்லை. சனிக்கிழமைப் பேப்பரில் படம் வந்த பிறகுதான் அது அவர்களுக்குச் சேதியானது.

சேதி என்பது வேறெங்கோ நடப்பது, வேறு யாருக்கோ நடப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான்தான். வருடக்கணக்காகத் தினமும் காலையில், வேப்பமரத்தடியில், கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று இரவு இது என்னைத் தூங்கவிடவில்லை.

ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனத்தையும் யோசித்தேன். "என்ன சேதி?" என்றுதான் திண்ணையில் வந்து உட்காருபவரைக் கேட்போம். அதே சொல்லைக் குரல் தாழ்த்தி, "சேதி வந்திருக்கு" என்றால் சாவு. நல்லதோ கெட்டதோ, ஒருவர் கிளம்பி நடந்து வந்து நம் வாசலில் நின்று சொல்வதுதான் சேதி. சொல்லாமல் விட்டால், "எனக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பலியே" என்று ஆயுசுக்கும் மனத்தாங்கல். யாருக்குச் சொல்லி அனுப்புகிறோம் என்பதில்தான் உறவே இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் வீட்டில் சேதிக்கு இவ்வளவு மதிப்பு. பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்ததும் அது ஒன்றுமில்லாமல் போனது.

திங்கட்கிழமையிலிருந்து பேப்பர்ச் செய்திகளுக்குப் பிறகு ஊர்ச் செய்தி என்று ஒன்றைச் சேர்த்தேன். யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து ஒன்று சொல்லலாம். முதல் வாரம் கூச்சம். அப்புறம் கொட்டியது. எங்கூட்டு மாடு கன்னு போட்டுச்சு. செய்யாத்துல தண்ணி வந்துடுச்சு. மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்கல. எங்க ஆயாவுக்குக் கண் ஆபரேஷன், பச்சைத் துணி கட்டியிருக்காங்க. டேங்க் மோட்டாரில் காயில் போயிடுச்சு.

கடைசிச் சேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாது. தண்ணீர் இல்லையென்றால் கழிப்பறையைப் பூட்டிவைப்போம். பூட்டினால் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு மூன்று பேர் மறுநாள் வரமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே விழும் 'வரவில்லை' என்ற குறிக்குக் காரணம் எனக்கு முன்பெல்லாம் தெரியாது. காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வேன். மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காத வாரத்தில் யார் யார் வரமாட்டார்கள் என்பதும் இப்போது முந்தின நாளே தெரிந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு வாரத்துக்கு எத்தனையோ புள்ளிவிவரம் அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளைகளைப் பற்றி இந்த ஐந்து நிமிஷம் சொன்னதில் கால்வாசிகூட அவற்றில் இல்லை.

ஆனால் நான் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து, இன்னொருவனைக் காட்டி, "இவன் முட்டைய ஜோப்புல போட்டுக்கிட்டுப் போறான் டீச்சர்" என்றான். வரிசை சிரித்தது. சத்துணவில் கொடுக்கிற முட்டையைப் பள்ளியிலேயே சாப்பிட வேண்டும் என்பது விதி. அவன் வீட்டில் ஒரு தங்கை, இன்னும் பள்ளிக்கு வரும் வயது ஆகாதவள். நான் சிரிப்பை அடக்கிவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விட்டேன். அதோடு அந்தப் பழக்கத்தை நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் குழந்தை முன்னால் வந்து, நிலாச் செய்தி வாசிப்பது போலவே கைகட்டி நின்று, "நேத்து எங்கப்பா எங்கம்மாவ அடிச்சிட்டாரு. அம்மா ராத்திரியே ஆயா வூட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாட்டுப்பண்ணைத் தொடங்கச் சொன்னேன்.

மறுநாள் அந்தத் தாய் வாசலில் நின்றிருந்தார். சேதி அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. கோபமாகப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "எங்கூட்டு விஷயத்த வரிசையில நிக்க வெச்சு சொல்ல வைக்கணுமா டீச்சர்?" மன்னிப்புக் கேட்டேன். அவர் போன பிறகும் வெகு நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். ஒரு குழந்தை என்னை நம்பிக் கொடுத்ததை நான் எல்லோர் கையிலும் போட்டுவிட்டேன். அவள் அதை எனக்குத்தான் சொல்லியிருக்கிறாள். சொல்வதற்கு அந்த வரிசையைத் தவிர வேறு இடம் நான் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஏற்பாடு. அவரவர் சேதியை அவரவர்தான் சொல்ல வேண்டும். வரிசையில் சொல்ல விருப்பமில்லாததை வழிபாடு முடிந்ததும் என் காதில் சொல்லலாம். இரண்டாவதுதான் பெரிய கதவாகத் திறந்தது. வகுப்புக்குப் போகும் முன் தினமும் யாராவது ஒரு பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். நான் குனிவேன். உலகத்துக்கெல்லாம் போக வேண்டிய சேதி இருக்கிறது, ஒரே ஒரு காதுக்கு மட்டும் போக வேண்டிய சேதியும் இருக்கிறது. மனுஷர் ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு காது தேவைப்படுகிறது என்று எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. திருவண்ணாமலையில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு இரவில் போன் செய்வேன். "என்னம்மா விசேஷம்?" என்பேன். "ஒண்ணும் விசேஷமில்லடி" என்பார். சரி என்று வைத்துவிடுவேன். பல வருடம் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இப்போது வைப்பதில்லை. காலையில் என்ன குழம்பு, மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறதா, எதிர்வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சிறிது நேரம் பேசிவிட்டு அம்மா ஒரு மூச்சு விடுகிறார். அதற்குப் பிறகுதான் உண்மையான சேதி வருகிறது.

2024 பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி என் காதில் சொன்னாள்: "நாளைக்கு நாங்க சூளைக்குப் போறோம்."

எங்கள் பக்கத்திலிருந்து பொங்கல் கழிந்ததும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழை பிடிக்கும் வரை வேலை, ஜூன் வாக்கில்தான் திரும்புவார்கள். பிள்ளைகளும் கூடவே. இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் யார், எப்போது என்பது எப்போதும் போன பிறகுதான் தெரியும். எங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் மங்கிய மையில் இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் பெயர்கூட இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று இரண்டு இடம். காரணத்தில் பலருக்கு ஒரே வாக்கியம்: நீண்ட நாள் வரவில்லை. அந்தப் பிள்ளை எங்கே போனது என்று அதற்குமேல் ஒருவரும் எழுதவில்லை. இப்போது பதிவேடு கணினிக்குள் போய்விட்டது. எமிஸ் என்ற அந்தக் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. பள்ளியை விட்டு நீங்கிய பிள்ளையின் பெயர் காமன் பூல் என்ற பட்டியலுக்குப் போய் நிற்கும், வேறொரு பள்ளி எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வரை. காமன் பூலில் நிற்கிற பெயரைப் பார்க்கும்போதெல்லாம், பஸ் ஸ்டாண்டில் பையோடு தனியாக நிற்கிற குழந்தை கண்முன் வரும்.

இந்த முறை ஒரு நாள் முன்னால் தெரிந்துவிட்டது. அதுவே பெரிது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. சூளை திருவள்ளூர்ப் பக்கம் என்றார்கள். எந்த இடம் என்று கேட்டு, பக்கத்திலுள்ள பள்ளியின் தலைமையாசிரியர் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பள்ளி மாறும் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. "எமிஸ் நம்பர மட்டும் அனுப்புங்க மேடம், நான் போய்ப் பாத்துக்கிறேன்" என்றார். சூளைக்கே நடந்து போய் அழைத்தும் வந்தார். மூன்று பேரில் இரண்டு பேர் அங்கே ஜூன் வரைக்கும் படித்தார்கள். சேதி சொன்ன பெண் மட்டும் படிக்கவில்லை. அவளுக்குக் கைக்குழந்தையாக ஒரு தம்பி. அம்மாவும் அப்பாவும் கல் அறுக்கும்போது அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அந்தத் தலைமையாசிரியர் இரண்டு முறை போனார். நானும் போனில் அவள் அம்மாவிடம் பேசினேன். "அவ வந்துட்டா, இவன யார்கிட்ட குடுக்கிறது டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. கறுத்திருந்தாள், வளர்ந்திருந்தாள். கூட வந்த மற்ற இருவரும் வழிபாட்டில் முன்னால் வந்து, சூளையில் நாய் ஐந்து குட்டி போட்டதையும், அந்தப் பள்ளியில் சறுக்குமரம் இருந்ததையும் மாறி மாறிச் சொன்னார்கள். இவளைப் பார்த்தேன். உன் சேதி என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

விட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே தொடங்கினாள். தம்பிக்குத் தூளி கட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் கல் காய வைக்கும் களம் முழுக்கத் தெரியுமாம். ஒரு வரிசைக்கு எத்தனை கல் என்று எண்ணிவைத்துக்கொண்டாள். அப்பா அறுத்ததை மேஸ்திரி எண்ணும்போது இவளும் தனியாக எண்ணினாள். ஒருநாள் கணக்கு இடித்தது. இவள் சொல்லி, மறுபடியும் எண்ணியபோது இவள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

"வரிசைய எண்ணிட்டு மொத்தம் எத்தனைன்னு எப்படி சொன்ன?" என்று கேட்டேன்.

எழுந்து வகுப்புக்குள் போனாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பலகையில் போட்டுக் காட்டினாள். நான்காம் வகுப்பின் கடைசி மாதங்களில் அவள் பள்ளியில் இல்லை. முறை அவளுடையது, பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போகும் நீளமான முறை. ஒரு இடத்திலும் தவறவில்லை.

"இத நாளைக்கு வழிபாட்டுல சொல்றியா?"

சாக்பீஸ் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். பலகையைப் பார்த்தாள். வெளியே மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"யோசிச்சு சொல்றேன் டீச்சர்" என்றாள்.