பொறுமை வேறு, தாமதம் வேறு

குழந்தை பிறந்த வீட்டில் அதன் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்கிறோம். உலகில் அது முதன்முதலாகக் கேட்பது இறைவனின் பெருமையாக இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் போற்றி வந்த வழக்கம். ஆனால் சொன்ன சொல் அந்தக் காதுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்பதே ஆகாத பேச்சு என்று சில வீடுகளில் எண்ணுகிறார்கள். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று வரை செவித்திறனில் பெருங்குறையோடு பிறக்கின்றன என்பது உலகெங்கும் கண்ட கணக்கு. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் மேல்விஷாரமும் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் நம் மொஹல்லாக்களில் என்ன நடக்கிறது? "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்பார் ஒருவர். "இவன் மாமாவும் நாலு வயதில்தான் வாய் திறந்தார்" என்பார் இன்னொருவர். தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், தாயத்து கட்டுவார்கள். இரண்டு வயது மூன்றாகும். கடைசியில் பெரியவர் ஒருவர், "அல்லாஹ் விதித்தது; பொறுமையாக இருங்கள்" என்று முடித்து வைப்பார். ஈமானின் மொழியில் சொல்லப்படுவதால் அந்தச் சொல்லை யாரும் மறுப்பதில்லை. அது சரிதானா என்பதே இங்கே கேள்வி.

கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் நமக்குள் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் கத்ரை எப்படி விளங்கிக்கொள்வது என்பதற்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் செயலே முன்மாதிரியாக இருக்கிறது. ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா, சர்ஃக் என்ற இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்ப முடிவு செய்தார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அதற்குக் கலீஃபா, இறைவனின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்து, ஒரு பள்ளத்தாக்கை உவமையாகக் காட்டினார்கள். அதன் ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. எந்தச் சரிவில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது இறைவிதிதான். அப்படியிருக்க, கண் முன்னே பசுமை இருக்கும்போது வறண்ட பக்கத்தில் ஒட்டகத்தை நிறுத்திவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவது எப்படி?

செவியின் காரியத்தில் அந்தப் பசுமைக்கு ஒரு பருவம் உண்டு. குழந்தை கருவறையிலேயே ஆறாம் மாதவாக்கில் ஓசையை உணரத் தொடங்குகிறது. பிறந்த பின் நாம் கற்பிக்காமலேயே, வீட்டில் பேசுவது காதில் விழ விழ மொழியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் ஓசை எட்டாமல் போனால், மூளையில் கேள்விக்கென அமைந்த பகுதி வேறு வேலைக்குத் திரும்பிவிடுகிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் ஓசை கிடைத்தால் மூளை அதை நன்றாக ஏற்கிறது; ஏழு வயதுக்கு மேல் கிடைத்தால் பலன் வெகுவாகக் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முந்தி நின்றதை அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் உதவி என்று மருத்துவர்கள் வகுத்திருப்பது இதனால்தான்.

சோதனை கடினமானதும் அல்ல. நல்ல செவி ஓசையைக் கேட்பதோடு, மிக மெல்லிய ஓசையைத் தானும் திருப்பி அனுப்புகிறது என்று 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டறிந்தார். (சுப்ஹானல்லாஹ்! எத்தனை ஆயிரம் ஆண்டுகளாக நம் தலையிலேயே இருந்த அதிசயம் இது.) தூங்கும் சிசுவின் காதில் சிறு குழாயை வைத்து அந்த எதிரொலியைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அதே 1978-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டாக்டர் கிரேயம் கிளார்க், பல மின்முனைகள் கொண்ட காக்ளியர் இம்ப்ளான்ட்டை ஒருவரின் உள்செவியில் பொருத்தினார். சாதாரணக் காது மிஷின் ஓசையைப் பெரிதாக்கித் தரும். இதுவோ நத்தை ஓடு போன்ற உள்செவிக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. வெளியே காதோரம் இருக்கும் பகுதி காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆம்பூரிலிருந்து ரயிலேறினால் காட்பாடி ஒரு மணி நேரம்கூட இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஓதிய அதே வாரத்தில் ரயிலும் ஏறுங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

கருவி மட்டும் பேசவைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளியில் கேளாத மழலைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்க்கிறார்கள், கட்டணம் கிடையாது, தாயும் உடன் அமர்ந்து பயில வேண்டும். இம்ப்ளான்ட் வருவதற்கு முன்பே, வெறும் காது மிஷினையும் தாயின் ஓயாத பேச்சையும் கொண்டு அங்கே பிள்ளைகள் பேசினார்கள். சாதாரணப் பள்ளிகளில் சேர்ந்து படித்தார்கள். சோறு ஊட்டும்போதும் துணி மடிக்கும்போதும் தாய் குழந்தையின் முகம் பார்த்துப் பேசுவதே அந்தப் பயிற்சியின் உயிர்.

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. பல வீடுகளில் உருது, தெருவில் தமிழ், மக்தபில் அரபு. பேச்சுப் பயிற்சி தருபவர் பெரும்பாலும் தமிழில் தருவார். அதனால் வீட்டில் உருதுவை விட்டுவிட வேண்டுமோ என்று தாய்மார் தவிக்கிறார்கள். தடுமாறிப் பேசும் தமிழைவிடச் சரளமாக, நிறையப் பேசும் உருதுவே வீட்டில் குழந்தைக்கு நல்லது. இரண்டாம் மொழி பின்னால் வந்து சேரும். தாய் பேச்சைக் குறைத்துவிடுவதுதான் ஆபத்து. அந்தத் தாய் காலையில் ஷூ கம்பெனிக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவளாயிருந்தால், பேசும் கடமை நன்னிமாவுக்கும் வாப்பாவுக்கும் உரியது.

குறைக்குக் காரணம் யார் என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் பழி விழுகிறது. இது அநியாயம். பரம்பரையாக வரும் காது கேளாமையில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை ஒன்று சேர்வதால் வருகிறது. அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்திலேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் முடிக்கும்போது அந்த வாய்ப்புக் கூடுகிறது. இந்த வழக்கம் தமிழகத்தில் எல்லாச் சமுதாயத்திலும் உள்ளது. மார்க்கம் அதை ஆகுமாக்கியிருக்கிறது, கடமையாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே கேளாதவர் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சம்பந்தம் பேசுவதில் குற்றமென்ன?

மறைப்பதும் நம்மிடையே உண்டு. பெண் குழந்தையானால், நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று காது மிஷினைக் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். பல்க் நகரத்துப் பெரியார் ஹாத்திம் (ரஹ்) அவர்களுக்குச் 'செவிடர்' என்று பொருள்படும் அல்அஸம் என்ற பட்டம் எப்படி வந்தது தெரியுமா? தம்மிடம் விளக்கம் கேட்க வந்த பெண்ணொருத்திக்கு நேர்ந்த சங்கடத்தைத் தாம் கேட்காததுபோல் காட்ட, காது கேளாதவராக நடித்தார்களாம். ஒரு பெண்ணின் மானம் காக்கச் செவிடர் என்ற பெயரைச் சுமந்தவர் அவர். நாமோ குடும்ப மானம் காக்கப் பெண் குழந்தையின் செவியைப் பறிக்கிறோம்.

கருவி எல்லோருக்கும் பலன் தருவதில்லை. செவி நரம்பே அமையாத குழந்தைகளும் உண்டு. வயது கடந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது. அது கையால் காட்டும் அரைகுறை ஜாடை அல்ல. தனக்கென இலக்கணமுள்ள முழு மொழி. உஸ்மானிய சுல்தான்களின் அரண்மனையில் கேளாத பணியாளர்களின் சைகை மொழியைக் கேட்கும் திறனுள்ளவர்களும் கற்றுப் பேசினார்கள். வாய் பேசாதவர் விளங்கும்படி காட்டும் சைகையால் நிகாஹ் கூடும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. ஷரீஅத் ஏற்ற மொழியை வீட்டில் தடுக்க நமக்கு என்ன உரிமை?

பேச்சாகவோ சைகையாகவோ, மொழியே இல்லாமல் வளரும் பிள்ளை படிப்பை மட்டும் இழப்பதில்லை. நிய்யத் என்றால் என்ன, ஹலால் எது, மறுமை எது என்று அதற்கு எதைக் கொண்டு சொல்வீர்கள்? தொழுகையில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் குனிந்து நிமிரும். ஏன் என்று அதற்குத் தெரியாது. பிள்ளை அமானிதம் என்று பயான்களில் கேட்கிறோம். அதன் மொழியும் அந்த அமானிதத்தில் சேர்ந்ததுதான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை காப்பீட்டில் முடிந்தாலும், பிறகு பாட்டரிக்கும் அறுந்த வயருக்கும் பழுதுக்கும் குடும்பமே தேட வேண்டியிருக்கிறது. சில நூறு ரூபாய் இல்லாமல் லட்சக்கணக்கான ரூபாய்க் கருவி அலமாரியில் தூங்கும். பயிற்சிக்குப் போகும் நாளெல்லாம் தாய்க்குக் கூலி போகிறது. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நடத்தும் நம் செல்வர்கள் ரமலானில் ஜகாத்தை வாரி வழங்குவது ஊரறிந்தது. ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருளை ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும். செல்வந்தரின் சிறு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஏழைத் தகப்பனின் கையில் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் அவர் பாட்டரி வாங்கிக்கொள்வார். பயிற்சி நாளில் கூலி பிடிக்காமலிருப்பதற்கு ஜகாத்தும் தேவையில்லை, முதலாளியின் ஒரு வார்த்தை போதும்.

இனி, கருவி அணிந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அமல் சம்பந்தமாக எழும் ஐயங்கள். ஒளுவில் காதுகளுக்கு மஸஹு செய்வது சுன்னத். அப்போது வெளிக்கருவியைக் கழற்றிவிட்டு, கை ஈரம் காய்ந்த பின் மாட்டலாம். கடமையான குளிப்பில் அதைக் கழற்றி, அது ஒட்டியிருந்த இடத்துக்கும் தண்ணீர் சேர்க்க வேண்டும். தோலுக்கடியில் உள்ள பகுதி உடலோடு சேர்ந்தது, அதைப் பற்றிக் கவலையில்லை. ஸஜ்தாவில் காந்தம் நழுவினால் சற்று இறுக்கமான தொப்பி அணிவிக்கலாம்; பெண் பிள்ளைகளின் முக்காடு ஒலிவாங்கியின் மேல் உரசினால் இரைச்சல் கேட்கும், அந்த இடத்தில் மெல்லிய துணியாக இருக்கட்டும்.