வாசலில் கேட்கப்படும் கேள்வி

1920-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியவர்கள், படிப்புக்குத் தொடர்பே இல்லாத சில விவரங்களையும் விண்ணப்பத்தில் எழுதித்தர வேண்டியிருந்தது. இனம் என்ன, மதம் எது, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் என்ன, அப்பா எந்த ஊரில் பிறந்தவர்? கூடவே இன்னொன்று: பிறந்தபின் உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதா? ஆம் என்றால் முழுமையாக விளக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் பல, அமெரிக்காவில் பிழைக்க வசதியாகப் பெயரைச் சுருக்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பவரைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை கேள்விகளும்.

அப்போதைய தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல். முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதராகிவிட்டதைக் கண்டு, 15 சதவீதத்தோடு நிறுத்தலாம் என்று 1922-ல் முன்மொழிந்தார். நமக்குத் தெரிந்த இடஒதுக்கீட்டுக்கு இது நேர் எதிரானது. இத்தனை பேருக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்ற உச்சவரம்பு. யூதர் எண்ணிக்கை கூடக்கூட அவர்கள்மீதான வெறுப்பும் கூடுகிறது, ஆகவே எண்ணிக்கையைக் குறைத்தால் வெறுப்பும் தணியும் என்பது அவர் வாதம். வெறுப்பவரை விட்டுவிட்டு வெறுக்கப்படுபவரை வெளியே நிறுத்தும் நியாயம் இது. பேராசிரியர் குழு அந்த வரம்பை ஏற்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் 'குணநலன்' என்ற அளவுகோலும் புகைப்படமும் வந்து சேர்ந்தன. அறிவிக்கப்படாத வரம்பு அதே வேலையைச் செய்து முடித்தது.

உள்ளே இடம் கிடைத்தவர்களும் தப்பவில்லை. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில், 1948 முதல் 1961 வரை, யூத மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேற்றப்பட்டார்கள், அல்லது படித்த ஆண்டையே மறுபடி படிக்க வைக்கப்பட்டார்கள். தங்களுக்குத்தான் திறமை போதவில்லை என்று நம்பி, வீட்டில்கூடச் சொல்லாமல் பல பத்தாண்டுகளை விழுங்கிக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2012-ல். அதற்குள் அவர்கள் முதியவர்களாகிவிட்டிருந்தார்கள்.

இப்படிக் கதவுகள் அடைக்கப்பட்ட காலத்தில்தான், 1948-ல், அமெரிக்க யூதச் சமூகத்தின் ஆதரவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் எல்லா மதத்தவருக்குமாகத் தொடங்கப்பட்டது. அதே பிராண்டைஸ்தான் 2019-ல் சாதிப் பாகுபாட்டைத் தன் தடைப்பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க உயர்கல்வியில் அப்படிச் செய்த முதல் நிறுவனம் அது. பிறப்பைக் கேட்டு ஆளை எடைபோடும் வழக்கம் எந்தக் கடலையும் தாண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தொடர்ச்சியில் வியப்பு இருக்காது.

யூதர் என்பவர் ஒரு மதத்தவரா, ஒரு மரபினரா? இந்தக் கேள்வியைச் சட்டமும் சந்தித்தது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றைச் சொல்கிறது, மதத்தைச் சொல்லவில்லை. இதே சிக்கல் வேறொரு பழைய சட்டத்தின் கீழ் 1987 மே 18 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. மேரிலாந்தில் ஒரு யூத ஜெப ஆலயத்தின் சுவரில் வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்ட வழக்கு ஒன்று. பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரி, ஈராக்கில் பிறந்த அரபுப் பேராசிரியருக்கு நிரந்தரப் பணி மறுத்த வழக்கு இன்னொன்று. வம்சாவளியைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது இனப்பாகுபாடுதான் என்று நீதிபதிகள் இரண்டிலும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். யூதரும் அரபியரும் ஒரே நாளில் ஒரே நியாயத்தால் காக்கப்பட்டார்கள். இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிய இன்றைய வளாகச் சண்டைகளில் இரு தரப்பும் இந்த நாளை மறந்துவிட்டது பெரிய இழப்பு.

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் காஸா மீதான போருக்கும் பிறகு அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத உணவு நெறிப்படி சமைக்கும் உணவுக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடத்துவேன் என்று இணையத்தில் மிரட்டிய மாணவர் பின்னர் சிறைக்குப் போனார். வெர்மாண்டில் மூன்று பாலஸ்தீன வம்சாவளி மாணவர்கள் தெருவில் நடந்துபோகும்போது சுடப்பட்டார்கள். இவை குற்றங்கள். இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதத்துக்குரியது லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. 2024 வசந்தத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் போராட்டக்காரர்கள் கூடாரமடித்து, தடுப்பு வைத்து, தங்கள் நிலைப்பாட்டுக்கு இணங்காதவர்களை அப்பகுதிக்குள் விடவில்லை. இஸ்ரேலோடான பிணைப்பு தங்கள் சமய நம்பிக்கையின் ஒரு பகுதி என்று சொன்ன மூன்று யூத மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தடுத்தது நாங்கள் அல்ல, போராட்டக்காரர்கள் என்றது பல்கலைக்கழகம். நீதிபதி அதை ஏற்கவில்லை. மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் இடம் யூத மாணவர்களுக்கு மூடியிருக்கக் கூடாது என்று ஆகஸ்டில் தடையாணை பிறப்பித்தார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இஸ்ரேல் அரசின் செயலை எவ்வளவு கடுமையாகவும் கண்டிக்கலாம். அந்த மாணவர்களின் நம்பிக்கையையே மறுத்து வாதிடலாம். பல்கலைக்கழகம் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் நூலகத்துக்குப் போகிறவரிடம், முதலில் உன் நிலைப்பாட்டைச் சொல், பிறகு நட என்பது லோவெல் காலத்து விண்ணப்பக் கேள்வியேதான்.

யூதர்கள் எல்லோரும் ஒரே கருத்தினர் என்று வைத்துக்கொள்வதும் அதே பிழை. கொலம்பியா பல்கலைக்கழகக் கூடாரப் போராட்டத்தில் யூத மாணவர்களும் இருந்தார்கள். அங்கேயே பஸ்கா விருந்தும் நடத்தினார்கள். அதே நாட்களில் வேறு யூத மாணவர்கள் பயந்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டும் உண்மை. யூத மரபுக்குக் கருத்துவேறுபாடு புதிதல்ல. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசான்களின் பள்ளிகள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டதை யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் பதிவு செய்கிறது. இரண்டும் இறைவனின் சொல்லே என்று கூறிவிட்டு, நடைமுறைக்கு ஹில்லேல் பள்ளியை ஏற்றதற்கு அது தரும் காரணம் அழகானது: அவர்கள் பணிவுடையவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தைத் தங்கள் கருத்துக்கு முன்பே எடுத்துச் சொன்னவர்கள்.

அரசு கையாளும் மருந்தோ அந்தப் பணிவிலிருந்து வெகுதூரம். யூத வெறுப்பை ஒழிப்பதாகச் சொல்லி 2025-ல் ஹார்வர்டின் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆய்வு நிதியை அமெரிக்க அரசு முடக்கியது. அது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவ ஆய்வுக்கூடத்தின் பணத்தை நிறுத்துவதால் எந்த யூத மாணவரின் பயம் குறையும்? அவர்களைக் கேடயமாக்கி வேறு கணக்கைத் தீர்ப்பது, அவர்கள்மீது புதிய பகையைத்தான் ஏற்றும்.

ஹார்வர்டே 2025 ஏப்ரலில், ஒரே நாளில், இரண்டு நீண்ட அறிக்கைகளை வெளியிட்டிருந்தது. ஒன்று யூதர், இஸ்ரேலியர் சந்தித்த வெறுப்பைப் பற்றியது; மற்றது முஸ்லிம்கள், அரபியர், பாலஸ்தீனர் சந்தித்ததைப் பற்றியது. அடையாளத்தை மறைத்து நடமாடியதையும் வகுப்பில் வாய்மூடி இருந்ததையும் இரண்டிலும் மாணவர்கள் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் மற்றதையும் படிக்க வேண்டும். முடிந்தால் அதையே முதலில்.