இறங்கி வரவும் ஆயத்தமா?



"என்ன, பாஸ்டர் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதறாரே" என்று நினைக்காதீங்க. பவுல் அப்போஸ்தலனும் கொரிந்து சபைக்கு அதைத்தான் எடுத்துக்காட்டினார் (1 கொரி. 9). அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியாவில் 2 வருஷத்துக்கு ஒருமுறை விளையாட்டுகள் நடந்தன. கேட்டவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

நான் சொல்லப்போவது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் நடக்கும் பைக்ஸ் பீக் மாரத்தான். சுமார் 42 கிலோமீட்டர். பெரும்பகுதி தார் ரோடு அல்ல. மண்ணும் கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதை. சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள மானிடூ ஸ்பிரிங்ஸ் ஊரில் புறப்பட்டு, 4,302 மீட்டர் உயரமான சிகரத்தைத் தொட வேண்டும். முதலில் அடர்ந்த காடு. மேலே போகப் போக மரமே கிடையாது, பாறையும் ஆகாயமும்தான். திரும்பிப் பார்த்தால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். சிருஷ்டிகரைத் துதிக்காமல் இருக்க முடியுமா? ஆனால் உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான்!

சரி, ஏறியாச்சு, தொட்டாச்சு, முடிந்ததா? இல்லை, தேவ ஜனமே! சிகரம் பாதி வழிதான். வந்த வழியே இறங்கி ஊருக்குத் திரும்பினால்தான் ஓட்டம் முடியும்.

இறங்குவது லேசு என்று நினைக்கிறோம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை பிரேக் பிடிக்க வேண்டும். களைத்த கால் சரியாகத் தூக்காது, கல்லில் இடறும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பல மாதங்களுக்கு முன்பே, ஏறுவதோடு இறங்கவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறார்கள். சின்ன அடியாக வைத்து, பாதையைப் பார்த்து இறங்குகிறார்கள். பசிக்கும் முன்னே சாப்பிடுகிறார்கள். மத்தியானத்தில் இடியும் மழையும் வரும் மலை என்பதால் மேல்சட்டையும் எடுத்துப்போகிறார்கள்.

1959-ல் ஆர்லீன் பைப்பர் என்ற தாயார் இதில் ஓடினார். 9 வயது மகளும் சிகரம்வரை கூட ஏறினாள். தாயார் இறங்கியும் வந்து முடித்தார். அமெரிக்காவில் மாரத்தானை முடித்ததாகப் பதிவான முதல் பெண் அவரே. அந்தச் சிறப்பு அவருக்கே தெரியாது! 2009-ல் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சிகரத்தோடு நின்றிருந்தால் அந்தச் சாட்சி உண்டா?

இப்போது எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிற்று. எவ்வளவு பெரிய ஜெயம்! அடுத்து என்ன ஆச்சு? யேசபேலின் ஒரு செய்தி வந்தது, தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டார் (1 இராஜா. 19).

என் ஊழியத்தில் நான் கண்டதும் இதுவே. உபவாசக் கூட்டத்தில் அந்நிய பாஷை பேசித் துள்ளினவர்கள், கூட்டம் முடிந்த வாரத்தில் சோர்ந்துபோகிறார்கள். வீட்டில் அதே கடன், அதே குடிகாரப் புருஷன், அதே வியாதிப் படுக்கை. "அப்போ நான் பெற்றது பொய்யா?" என்று அழுகிறார்கள். சிலர் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பொய் அல்ல, சகோதரியே! நீ மலையிலிருந்து இறங்குகிறாய், அவ்வளவுதான்.

எலியாவை தேவன் கடிந்துகொண்டாரா? இல்லையே! தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, இரண்டு தரம் எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த பிரயாணம்.

ஆகவே, வருகிற எழுப்புதல் கூட்டத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களே, திங்கட்கிழமைக்கும் இப்போதே ஆயத்தப்படுங்கள். கூட்டம் முடிந்தால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மறுநாள் பெரிய தீர்மானங்கள் வேண்டாம்; ஒரு சங்கீதம், 15 நிமிஷ ஜெபம், அந்தச் சின்ன அடி போதும். சோர்வு வந்தால் கூப்பிட ஒரு விசுவாசியின் பெயரை முன்னமே குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு விசுவாசியை இரண்டு வாரம் காணோமா? "ஏன் வரலை?" என்று கேட்காதீங்க. சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்க.

மறுரூப மலையிலிருந்து நம்முடைய ஆண்டவரும் இறங்கினார். கீழே ஒரு தகப்பன், வியாதிப்பட்ட மகனோடு காத்திருந்தான். உங்களுக்காகவும் கீழே யாரோ காத்திருக்கிறார்கள்.

மலையில் சந்தித்தவர் இறக்கத்திலும் உங்கள் கையைப் பிடிப்பாராக. ஆமென். அல்லேலூயா!