வழிநடையும் இராத்தங்கலும்

சைவ நன்மக்கள் திருத்தலங்களை நாடி நடந்து செல்லுதல் சரியைத் தொண்டின்பாற்படும் என்பது யாவரும் அறிந்ததே. நடக்குங்கால் கைக்கொள்ளவேண்டிய நோன்புகளைக் குறித்துப் பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஆயின், யாத்திரையில் ஒரு பாதி நடை. மற்றொரு பாதி தங்கல். பகலெல்லாம் திருநீறும் திருநாமமுமாக நடந்த அடியார், இரவில் எங்கே, எவ்வாறு தங்குதல் தக்கது என்பது பெரும்பாலும் ஆராயப்படாது கிடக்கின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தைப்பூசத்தை முன்னிட்டுத் திருச்சிராப்பள்ளி, மணப்பாறைப் பக்கங்களினின்றும் பழனிக்கு நடந்து வருவோர் திண்டுக்கல் மாவட்டத்துட் புகுந்தவுடன் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று அய்யலூர். நெடுஞ்சாலை ஓரத்தே வண்டிக்கருப்பணசாமி கோயிலும், வியாழன்தோறும் கூடும் ஆட்டுச்சந்தையும், அண்மையிற் குன்றுகளும் காடும் உடையது அவ்வூர். அங்கிருந்து வடமதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி 80 கிலோமீட்டருக்குச் சற்று மேற்படும். நடப்பவர்க்கு இரண்டு மூன்று இரவுகள் இடையே வரும். அவ்விரவுகளை மரத்தடியிலும் அறுப்பு முடிந்த களத்திலும் பாய் விரித்தோ, தாமே சுமந்துவந்த சிறு கூடாரத்திலோ கழிப்பாருமுளர். மடம், சத்திரம், மண்டபங்களையும் வாடகை விடுதிகளையும் நாடுவாருமுளர். இவ்விரு திறத்தாருள் யார் செய்வது யாத்திரைக்கு ஏற்றது என்பதே வினா.

இவ்வினா சிறிதென்று தள்ளற்க. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகக் காவடி கொண்டுவரும் நகரத்தார் இன்ன ஊரில் இன்ன இரவு தங்குவதென்பதை வழிவழி வரையறுத்து வைத்திருக்கின்றனர். எடப்பாடியிலிருந்து வரும் அடியார்க்குப் பழனி மலைமேலேயே ஓரிரவு தங்கும் உரிமை மரபாக உள்ளது. நடைக்கு முறை வகுத்த முன்னோர் தங்கலுக்கும் முறை வகுத்தனர் என்பது இவற்றாற் பெறப்படும்.

முதற்கண், வெளியிற் கிடத்தலே மேலானது என்பார் கூற்றை நோக்குவாம். கோவணாண்டியாய் மலைமேல் நிற்கும் பெருமானைக் காணச் செல்வார்க்குக் கூரையும் கட்டிலும் எற்றுக்கு என்பது அவர் கூறும் முதற்காரணம். வெளியிற் கிடப்பார் எவர்க்கும் சுமையாகார் என்பது இரண்டாவது. சத்திரங்களும் மடங்களும் நெடுங்காலம் சாதி பார்த்து இடங்கொடுத்தன. மரநிழல் எவர் சாதியையும் கேட்டதில்லை என்பது மூன்றாவது. நம்பியாரூரர் திருப்புகலூர்த் திருக்கோயிலின் புறத்தே திருப்பணிக்குக் கொணர்ந்த செங்கற்களைத் தலைக்கு உயரமாக வைத்துத் துயின்றதும், அவை பொன்னானதும் அவர் காட்டும் சான்று.

இனி, கூரையின்கீழ்த் தங்குதலே தக்கது என்பார் கூறுமாறு: வழிப்போக்கர்க்கு நிழலும் சோறும் அளித்தல் நம் நாட்டுப் பேரறங்களுள் ஒன்று. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தமையால் இன்றும் நினைக்கப்படுகின்றார். தஞ்சை இரண்டாம் சரபோசி மன்னர் 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள தம் சத்திரங்களில் எல்லாச் சாதி வழிப்போக்கர்க்கும் உணவும், நோயுற்றார்க்கு மருந்தும் அளிக்கப்படுவதை எடுத்துரைத்தார். பழனி வழியிலுள்ள ஒட்டன்சத்திரம் தன் பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கி நிற்கின்றது. முதியோர், பெண்டிர், குழவிகள் ஆகியோர்க்குத் தைமாதப் பனியில் வெட்டவெளி இன்னல் தரும். சாலையோரத்திற் படுத்தார்க்கு வண்டிகளாலும் இடர் நேரும். ஆகலின் கூரையே வேண்டும் என்பர்.

இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. எனினும், இருவரும் உடம்பு கிடக்கும் இடத்தையே அளவுகோலாகக் கொண்டனர். சித்தாந்த நூல்வழி நிற்பார் கேட்கவேண்டிய கேள்வி பிறிதொன்று: இத்தங்கலினால் நம் ஆணவம் மெலிகின்றதா, தடிக்கின்றதா? சரியை, கிரியை முதலியன யாவும் ‘யான்’ ‘எனது’ என்னும் செருக்கு அறுதற்பொருட்டு ஏற்பட்டனவேயாகலின், தங்கலையும் அதனைக்கொண்டே அளத்தல் முறையாம்.

அங்ஙனம் அளக்கப்புகின், வெளியிற் கிடப்பார் எவர்க்கும் சுமையாகார் என்ற கூற்று முதலில் நெகிழ்கின்றது. என்னை? அறுப்பு முடிந்த களம் ஓர் உழவனுடையது. அங்கே மூட்டிய அடுப்பின் கரியையும், எறிந்த இலையையும் ஞெகிழித்தாளையும் யாத்திரிகர் போன மறுநாள் வாரி அகற்றுபவன் அவனே. அய்யலூரைச் சூழ்ந்த காடோ தேவாங்கின் உறைவிடம். இரவில் மெல்ல மெல்லக் கிளைவழி இயங்கிப் பூச்சிகளைத் தேடியுண்ணும் அச்சிற்றுயிரைக் காக்கும்பொருட்டே திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 எக்டேர் நிலப்பரப்பு 2022-ஆம் ஆண்டில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாம் வெற்றிடம் என்று எண்ணி விளக்கேற்றி ஒலிபெருக்கி வைக்கும் மரத்தடி, பிறிதோர் உயிரின் இல்லம். உலகு முழுதும் இறைவன் உடைமையென்று ஓதும் நாம், உடையவர் இல்லாத இடம் ஒன்று உண்டென்று கருதுதல் பொருந்தாது.

துறவின் சாயல் என்ற காரணத்தையும் சிறிது உற்று நோக்கல் வேண்டும். தன் கூடாரம், தன் அடுப்பு, தன் அரிசி எனச் சுமந்து செல்வான், ‘ஒருவர் வாயிலிலும் நான் நிற்கவில்லை’ என்று மகிழ்தல் கூடும். அம்மகிழ்ச்சி துறவின் பயனன்று. ஆணவத்தின் நுண்ணிய வடிவமாதலும் உண்டு. பிறர் தருவதை ஏற்கும்போது தலை தாழ்கின்றது. தாழாத தலையோடு மலையேறுதல் ஏறாமையோடு ஒக்கும்.

இதற்கு இலக்கியமாய் நிற்பது சித்தவட மடத்து நிகழ்ச்சி. நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த திருவதிகையை மிதிக்க அஞ்சிய நம்பியாரூரர், ஊர்ப்புறத்தே அம்மடத்தில் அடியாரொடு துயின்றார். இறைவன் முதிய மறையவர் வடிவில் யாரும் அறியாது உட்புகுந்து, நம்பிகள் திருமுடிமேல் தம் அடியை நீட்டிக் கிடந்தார். நம்பிகள் வினவ, மூப்பினால் திசை அறியாது செய்தேன் என்றார். நம்பிகள் தலையை வேறுபுறம் வைத்துத் துயில, அடி அங்கும் வந்தது. பலகாலும் மிதிக்கும் நீர் யார் என்று வினவியபின்னரே, தம்மை அறியாமையைச் சுட்டி அவர் மறைந்தார். தாம் வேண்டிய திருவடித் தீக்கையே அது என நம்பிகள் பின்னர் உணர்ந்தார்.

தனியறையில் தாழிட்டுக் கிடந்தார்க்கு இந்நிகழ்ச்சி வாய்க்குமோ? அயலார் கால் தலையிற்படும் நெருக்கமுள்ள பொதுமடத்திலன்றோ இது நிகழ்ந்தது! மண்டபத்தில் நூறுபேர் நடுவே படுத்தார்க்கு முதியவர் ஒருவரின் இருமலும், குழவியின் அழுகையும், அயலாரின் குறட்டையும் துயிலைக் கெடுக்கும். கெட்ட துயிலைப் பொறுத்துத் தலையைச் சற்று நகர்த்திக்கொள்ளும் அப்பொறையே அவ்விரவின் தவம் என்க.

அற்றேல், சாதி பார்த்த மடங்களைப்பற்றி என் சொல்வது எனின், அக்குற்றச்சாட்டு முழுதும் உண்மையே. அதனை மறைத்தல் அறமன்று. ஒரு கூரையின்கீழ் ஒருசார் அடியாரைப் புறத்தே நிறுத்திய இடம் பெயரளவில் மடமேயன்றிப் பொருளளவில் அன்று. ஞானசம்பந்தப் பிள்ளையார் திருச்சாத்தமங்கையில் தம்முடன் வந்த பாணர்க்கும் பாடினியார்க்கும் இரவு தங்க இடங்கொடுக்குமாறு பணித்தபோது, திருநீலநக்க நாயனார் தம் மனையின் நடுவே வேள்வி வேதிகையின் பக்கத்திலேயே இடங்கொடுத்தார். வேதித்தீயும் வலஞ்சுழித்து எழுந்தது என்பது புராணம். மடங்கள் தவறிய இடத்தில் மரநிழலே மடமாயிற்று. ஆயின், நீலநக்கர் செய்ததுபோல் மடத்தின் கதவைத் திறப்பதன்றோ அக்குற்றத்திற்கு மருந்து? பழனியில் இன்றும் தத்தம் மரபினர்க்கென மடங்களை நடத்துவோர், பூச நாட்களிலேனும் எல்லா அடியார்க்கும் அவற்றைத் திறந்துவிடுதல் சைவத்திற்குப் பெருமை தரும்.

பிறநாட்டு யாத்திரை வழக்கங்களும் இவ்வுண்மையை ஒருவாறு காட்டும். ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ என்னும் கிறித்தவத் தலத்திற்கு நடப்போர் தங்கும் பொதுவிடுதிகளில், நோயுற்றாரொழிய ஏனையோர் ஓரிரவுக்குமேல் தங்காமை வழக்கம். பின்வருவார்க்கு இடம் வேண்டுமன்றோ. சப்பான் நாட்டுச் சிகோகுத் தீவில் 88 புத்தக்கோயில்களைச் சுற்றி நடப்பார்க்கு ஊரார் பழமோ பணமோ படுக்கையோ அளிப்பர். அதனை மறுத்தல் முறையன்றென்பர். பின்வருவார்க்கு இடம் விடுதலும், தருவதை ஏற்றலும் ஆகிய இரண்டும் யாத்திரையின் பொதுவறங்கள்.

வாடகை விடுதியைப்பற்றி ஒரு சொல். காலிற் கொப்புளங் கண்டாரும், காய்ச்சலுற்றாரும், கருவுற்ற மகளிரும் அங்குத் தங்குதல் குற்றமன்று. ஆயின் ஒரே குழுவில் பொருளுடையார் குளிர்சாதன அறையிலும், அவர்க்குச் சமைப்பார் வாயிலிலும் துயிலும் காட்சி வருந்தத்தக்கது. பகலில் ஒரே நாமம் சொல்லி நடந்தவர்கள் இரவில் இரு கூட்டமாயினர். அறைக்கு ஆகும் பொருளால் அனைவர்க்கும் ஒரு மண்டபம் அமர்த்தினால் யாத்திரை பழுதுபடாது.

ஆகவே எம் முடிபு இது. பொதுமடம் கிடைக்குமிடத்தில் அதுவே முதற்கண் நாடத்தக்கது. அங்கே இளையோர் உட்புறத்தை முதியோர்க்கும் பெண்டிர்க்கும் விட்டுத் தாம் திண்ணையிலும் முற்றத்திலும் கிடப்பாராக. இடம் நிறைந்தவழி வெளியிற் கிடத்தல் சாலச் சிறந்தது. அங்கே நிலத்துக்குரியாரைக் கேட்டும், காட்டின் உள்ளே புகாதும், தீயை அவித்தும், கிடந்த சுவடின்றியும் எழுந்து போவாராக. புகலூரிற் பொன்னான கல்லும், சித்தவடத்தில் முடிமேற்பட்ட அடியும் ஒரே பெருமான் அருளே. ஒன்று வெளியிலும் ஒன்று கூரையின்கீழும் நிகழ்ந்தன. இரண்டிடத்தும் நம்பிகள் தமக்கென ஓரிடத்தை வளைத்துக்கொள்ளவில்லை.

வழியூர்களில் வாழ்வார்க்கும் கடன் ஒன்றுண்டு. மழையிரவில் வந்த அடியார்க்கு விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கிய இளையான்குடி மாறனாரையும், கண்டறியாத நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்த அப்பூதியடிகளையும் போற்றும் நாம், பூச நாட்களில் ஒரு திண்ணையையும் ஒரு குடம் நீரையும் ஒழித்து வைத்தல் அரிதன்று.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலம் நீங்கிய அன்பரோடு கூடியிருத்தலையும், அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதலையும் கற்பிக்கின்றது. ஆலயம் பழனி மலைமேல் உள்ளது. அன்பரோ அய்யலூர் மண்டபத்தில் நம் பக்கத்தே படுத்திருக்கின்றனர். மலையை அடைவதற்கு முன்னரே இத்தொழுகையை அவர்பால் தொடங்குதல் கூடும். அங்ஙனம் தொடங்கத் திருவருள் துணைநிற்பதாக.