விபீஷணன் யார் பக்கம்?

ஒரு பாத்திரம் உண்மையில் யார் பக்கம் என்ற கேள்விதான் மர்மத் தொடர்களை வாரக்கணக்கில் பேச வைக்கிறது. காக்கி உடுப்பில் இருப்பவர் குற்றவாளிக்கு வேண்டியவரா, எதிரி வீட்டில் வேலை பார்ப்பவர் நாயகனின் ஒற்றரா என்று பார்ப்பவர்கள் ஒவ்வொரு பார்வைக்கும் ஒவ்வொரு தயக்கத்துக்கும் பொருள் தேடுகிறார்கள். ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் புத்தகம் 2005இலும் ஏழாவது 2007இலும் வந்தன. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் ஸ்னேப் என்ற ஆசிரியரின் விசுவாசம் எந்தப் பக்கம் என்று வாசகர்கள் ஓயாமல் வாதாடினார்கள். கடைசிப் புத்தகம் வந்ததும் வாதம் தீர்ந்தது. கதையில் விடை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, காத்திருந்தால் கிடைத்துவிடும். அடுத்தவர் மனத்தை அறியாமலே இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. அவர் என்ன செய்வது என்பதை இராமாயணம் ஒரு முழு விவாதமாகவே நடத்திக் காட்டுகிறது. அதற்கு வைணவம் கண்ட விடையில் ஒரு முக்கியமான வார்த்தை, சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் பிறந்த ஒருவர் வாயிலாக வந்தது.

விவாதம் நடப்பது கடற்கரையில். இராவணனின் தம்பி விபீஷணன் நான்கு துணைவர்களோடு வந்து வானில் நின்று அடைக்கலம் கேட்கிறான். வான்மீகியின் யுத்த காண்டத்தில் வானரத் தலைவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்கிறார்கள். சுக்கிரீவன் இவன் ஒற்றன் என்கிறான். குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டுப் பார்த்து ஏற்கலாம் என்பது அங்கதன் யோசனை. முதலில் ஒற்றரை அனுப்பி அறியலாம் என்கிறான் சரபன். பகைவனிடமிருந்து வேளைகெட்ட வேளையில் வந்திருப்பதே சந்தேகத்துக்கு இடம் என்பது ஜாம்பவான் வாதம். இதமாகப் பேசிக் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்கிறான் மைந்தன். துப்பறியும் கதைகள் இன்றுவரை கையாளும் வழிகள் ஏறக்குறைய எல்லாமே இங்கே வந்துவிடுகின்றன.

அனுமன் இவற்றை ஒவ்வொன்றாக மறுக்கிறான். நேரே வந்து நிற்பவனிடம் ஒற்றரை அனுப்ப என்ன இருக்கிறது? திடீரென்று துருவிக் கேட்டால் நல்லெண்ணத்தோடு வந்தவனும் மனம் கசந்துபோவான். வேளை தவறு என்பதும் சரியில்லை. வாலி வீழ்ந்து சுக்கிரீவன் முடிசூடியதை அறிந்தவன், தனக்கும் அரசு கிடைக்கும் என்று எண்ணி வர இதுவே தக்க வேளை. முகத்திலும் பேச்சிலும் கள்ளம் தெரியவில்லை. உள்ளக் கருத்தை முகம் காட்டிவிடும் என்றும் சொல்கிறான். கம்பனின் அனுமன் சான்றுகளைக் கூடுதலாகக் கையில் வைத்திருக்கிறான். தூதனைக் கொல்வது தகாது என்று இராவணன் அவையில் தனக்காகப் பேசியவன் இவன். இவன் வீட்டில் கள்ளும் ஊனும் காணவில்லை. சிறையில் சீதைக்கு ஆறுதலாக இருந்த திரிசடை இவன் மகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, எந்தச் சான்றும் ஒரு பக்கமாக மட்டும் சாயவில்லை என்பது. அமைதியான முகம் தேர்ந்த ஒற்றனுக்கும் இருக்கும். பொருத்தமான வேளை சதிகாரனுக்கும் பொருத்தமானதே. அண்ணனைப் பகிரங்கமாக எதிர்த்ததுகூட முன்கூட்டிப் போட்ட நாடகமாக இருக்கலாம். ஒரு கருதுகோளை எடுத்துக்கொண்டபின் எதிரான தடயமும் அதற்கே துணையாக மாறிவிடும். மறைந்த விசுவாசம் பற்றிய ஊகங்கள் தீராமல் வளர்வதற்குக் காரணம் இதுவே.

இராமனின் முடிவு அனுமன் பக்கம்தான். ஆனால் அவன் காட்டும் காரணம் வேறு. நட்பென்று வந்தவனிடம் குற்றமே இருந்தாலும் கைவிடுவதற்கில்லை என்கிறான். வேடனுக்குத் தன் உடலையே இரையாகக் கொடுத்த புறாவின் கதையைச் சொல்கிறான். வந்திருப்பவன் இராவணனே ஆனாலும் அபயம் தந்தாயிற்று, அழைத்து வா என்கிறான். விபீஷணன் மனத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி தீர்க்கப்படவில்லை, ஒதுக்கி வைக்கப்படுகிறது. அவனுக்கு அரசாசை இருக்கலாம் என்பதை இராமனும் ஒப்புக்கொள்கிறான். எல்லாத் தம்பியரும் பரதன் ஆகமாட்டார்கள் என்று சொல்லவும் தயங்கவில்லை. சற்று நேரத்தில் கடல்நீரைக் கொண்டுவரச் செய்து அவனுக்கு இலங்கை அரசனாக முடிசூட்டியும் விடுகிறான். பக்திக் கதையாக மட்டும் இதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெளிவு சற்று வியப்பாக இருக்கும்.

வைணவ ஆசாரியர்கள் இந்த இடத்தைச் சரணாகதியின் இலக்கணமாகவே கொண்டார்கள். வேதாந்த தேசிகர் இதற்கென்றே 'அபயப்பிரதான சாரம்' எழுதினார். குற்றமே இருந்தாலும் என்ற அந்தச் சொல்லை எப்படிக் கொள்வது என்பதில் இரு கலையாரும் பிரிந்தனர். அடைக்கலமாக வந்தவரின் குற்றத்தை இறைவன் காணாதவன்போல் இருக்கிறான் என்பது வடகலை. கன்றின் மேலுள்ள அழுக்கைத் தாய்ப்பசு நக்கி உண்பதுபோல் அக்குற்றத்தையே விருப்பத்தோடு ஏற்கிறான் என்பது தென்கலை. ஏற்பதற்கு முன் உள்ளத்தைச் சோதித்துத் தேற வேண்டும் என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

இதே கருத்து மிகக் கூர்மையாக வெளிப்படுவது பூந்தமல்லிக்காரரான திருக்கச்சி நம்பியின் வரலாற்றில். பூவிருந்தவல்லி என்ற பழைய பெயருக்குரிய அந்த ஊரில் வைசியக் குடியில் பிறந்தவர்; ஆளவந்தாரின் சீடர்; பதினோராம் நூற்றாண்டினர். காஞ்சி வரதருக்குப் பூமாலையும் விசிறித் தொண்டும் செய்தவர். வரதர் அவரோடு பேசுவார் என்பது மரபு. பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னிதி உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் தம் மனத்திலிருந்த ஐயங்களை இன்னவை என்று வெளியிடாமலே, பெருமாளிடம் விடை கேட்டுச் சொல்லும்படி நம்பியை வேண்டினார். வந்தவை ஆறு வார்த்தைகள். நானே பரம்பொருள், வேறுபாடு உண்மை, சரணாகதியே வழி, கடைசி நேர நினைவு கட்டாயமில்லை, உடல் விழும்போது வீடுபேறு, பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்க.

நான்காவது வார்த்தையில்தான் கதையின் கடைசிப் பக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது. இறக்கும்போது எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்வது. மர்மத் தொடரின் தர்க்கமும் அதுவே: இறுதிக் காட்சியில் வெளிப்படுவதுதான் பாத்திரத்தின் நிஜ முகம். நம்பி கொண்டுவந்த வார்த்தை, சரணடைந்தவரைப் பொறுத்தவரை அந்தக் கடைசிச் சோதனையை நீக்கிவிடுகிறது. நினைவு தப்பிக் கட்டையாகக் கிடப்பவரை இறைவனே நினைத்துக்கொள்வான் என்ற வராகர் வாக்கை வைணவர்கள் இதற்குத் துணையாகக் காட்டுவார்கள். 

மறுதரப்பு வலுவானது. சொந்த மண்ணின் இரகசியங்களைப் பகைவருக்குச் சொன்னவன் துரோகி என்று திராவிட இயக்கம் விபீஷணனைக் கண்டித்தது. கம்பராமாயணம் பற்றி அவ்வியக்கத்தைச் சேர்ந்த அண்ணா 1943இல் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்தது. 1948இல் அரசு தடைசெய்தது. தடை நீங்கியது 1971இல். இந்தக் கண்டனம் புதிதும் அல்ல. நிகும்பிலையில் இந்திரசித்து, தன் வேள்வியைக் காட்டிக்கொடுத்த சிற்றப்பனைப் பார்த்து, குணமில்லாவிட்டாலும் சுற்றம் சுற்றமே, அந்நியன் என்றும் அந்நியனே என்று ஏசுவதை வான்மீகியே எழுதியிருக்கிறார். தம்பி அழைத்தும் அணி மாறாமல் மடியும் கம்பனின் கும்பகருணன் தமிழர் மனத்தில் உயர்ந்து நிற்பதும் இதனால்தான். விபீஷணனின் உள்ளத்தில் பக்தி இருந்தது என்று சொல்லி இந்தக் குற்றச்சாட்டைக் கடந்துவிட முடியாது. கண்டிப்பவர்கள் கேட்பது அவன் என்ன செய்தான் என்பதை. என்ன நினைத்தான் என்பதை அல்ல.

அந்த வகையில் வைணவரும் அவர்களை எதிர்த்தவரும் எதிர்பாராமல் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்கு அடைக்கலம் கேட்ட சொல் போதும். மற்றவருக்கு அணி மாறிய செயல் போதும். மறைந்திருக்கும் மனம் இருவருக்கும் தேவைப்படவில்லை. பிறகு நடந்ததை வைத்து இராமன் முடிவு சரி என்று நிறுவுவதும் பொருந்தாது, ஏனெனில் கடற்கரையில் நின்றபோது நிகும்பிலை நடந்திருக்கவில்லை. ஏற்பவரின் கடமை என்று பார்த்தால் அது சரியான முடிவு; வந்தவனின் செயல் சரியா என்பது தனிக் கேள்வி, முதலாவதன் விடையை வைத்து இரண்டாவதைத் தீர்க்க இயலாது. அந்தக் கேள்வி திறந்தே இருக்க, அவன் விட்டுச் சென்றதாகக் கருதப்படும் இலங்கையில், களனி விகாரையில், சிங்கள பௌத்தர்கள் இன்றும் விபீஷணனைக் காவல் தெய்வமாக வழிபடுகிறார்கள்.