கல் தரும் வாக்கு

கனடாவின் வடகோடியில் மரங்கள் வளராத பனிநிலத்தில், இனுயிட் மக்கள் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய அடையாளங்களுக்கு 'இனுக்சுக்' என்று பெயர். 'மனிதனுக்குப் பதிலாக நின்று செயற்படுவது' என்பது அதன் பொருள். பயணிக்கு வழியையும், வேட்டைக்காரனுக்குக் கரிபு மான்களின் தடத்தையும், பசித்தவனுக்கு உணவு சேமித்த இடத்தையும் அது காட்டிற்று. பாஃபின் தீவின் இனுக்சுக் முனையில் இவை நூற்றுக்கும் மேல் உள்ளன. அடுக்கியவன், தான் என்றுமே காணப்போகாத ஒருவனுக்காக அடுக்கினான்; வந்தவனோ முகமறியாத அவனை நம்பி நடந்தான்.

1999-இல் நூனவுட் ஆட்சிப்பகுதியின் கொடியில் இனுக்சுக் இடம்பெற்றது. 2010-இல் வான்கூவரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவின் சின்னமும் அதைத் தழுவியதே. ஆயினும், தலையும் கைகால்களும் கொண்ட அத்தகைய உருவத்தை இனுயிட் மக்கள் 'இனுங்குவாக்' என வேறு பெயரால் அழைப்பர். மனிதனைப் போலிருப்பது என்பதே அதன் பொருள்.

புகழ் பரவவே, சுற்றுலாப் பயணிகளும் சென்ற இடமெல்லாம் கல் அடுக்கினர். வழிநடப்போர் திசைமாறக்கூடும் என்பதால், ஒன்டாரியோவின் கில்லார்னி பூங்கா 2007-இல் அதை நிறுத்துமாறு வேண்டிற்று.

அடுக்கியவர்களிடம் தீய எண்ணம் இல்லைதான். ஆனால் தன்னை நம்பி வருகிறவனுக்கு அடையாளம் ஒரு வாக்குறுதி அன்றோ? மனிதனைப் போலத் தோன்றுவது எளிது; மனிதனுக்குப் பதிலாக நிற்பது கடினம். நம் சொல்லும் நடத்தையும் பின்வருவோர்க்கு அடையாளங்களே. அவற்றை நம்பி நடப்பவன் எங்கே போய்ச் சேர்வான் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?